எத்தனை பிரதி போச்சு?

தமிழில் புத்தகம் போட்டவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து பத்து நாள் கழித்து, கொஞ்சம் கூச்சத்தோடு பதிப்பாளருக்கு ஃபோன் போடுவோம். “சார், நம்ம புக்கு எத்தனை போச்சுன்னு...” என்று இழுப்போம். “நல்லாப் போகுதுங்க. ஓடிட்டிருக்கு. கணக்கு மார்ச்சுல முடிச்சிருவோம்” என்று பதில் வரும். மார்ச்சில் கேட்டால் ஆடிட்டர் ஊரில் இல்லை. ஜூனில் கேட்டால் லைப்ரரி ஆர்டர் வரட்டும். அதற்குள் அடுத்த ஜனவரி நெருங்கிவிடும். அடுத்த புத்தகத்தின் ஃபைலை எப்போது அனுப்புகிறீர்கள் என்று அவர் கேட்பார். நாமும் அனுப்பிவிடுவோம்.

என் முதல் புத்தகத்துக்கு ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு முறை ஒரு வெள்ளைக் கவர் வந்தது. உள்ளே 2,340 ரூபாய். எதற்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புத்தகத்தின் விலை 120 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம், அப்படியானால் பிரதிக்குப் பன்னிரண்டு ரூபாய். வகுத்துப் பார்த்தேன், சரியாக 195 வந்தது. மீதி இல்லாமல் வகுபட்டதால் யாரோ எங்கேயோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல். அந்த 195 முதல் வருஷத்துக்கா, ஐந்து வருஷத்துக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுத்தாளர்–பதிப்பாளர் உறவு மாறிவிட்டது என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பதிப்பகங்கள் சுரண்டுகின்றன என்பது ஒரு தரப்பு. கவிதைத் தொகுப்பாகப் போட்டுப் போட்டே கடையை மூடப்போகிறேன் என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் என்னதான் மாறியது என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: எத்தனை பிரதி போனது என்ற எண் யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ்ப் பதிப்புலகின் கதை ஓரளவு பிடிபட்டுவிடும்.

பாரம்பரியப் பதிப்பகம் என்று நாம் சொல்வதே அவ்வளவு பழைய சமாச்சாரம் இல்லை. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835-இல் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்தில்தான் வழி பிறந்தது. 1849-இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அந்தக் காலத்தில் பதிப்பாளர் என்று, முதல் போடும் தனி ஆள் பெரும்பாலும் கிடையாது. நூலை அச்சுக்குக் கொண்டுவருகிறவர்தான் காசுக்கும் வழி பார்க்க வேண்டும். மடம் கொடுக்கும், ஜமீன் கொடுக்கும், இல்லாவிட்டால் கைக்காசு. சி.வை. தாமோதரம் பிள்ளை தம் பணத்தைக் கொட்டிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் பட்ட பாட்டை அவருடைய முன்னுரைகளிலேயே படிக்கலாம்.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அதற்கு அவர் கையாண்ட வழி ‘கையொப்பம்’ வாங்குவது. நூல் அச்சாகும் முன்பே பெயரையும் பணத்தையும் கொடுத்து, எனக்கு ஒரு பிரதி என்று சொல்லி வைப்பவர்தான் கையொப்பக்காரர். பணம் திரட்டுவதற்காக நடந்த அலைச்சல், அச்சகத்துக்குப் பாக்கி, தாளுக்குப் பாக்கி என்று எல்லாத் தொல்லையும் பதிப்பித்தவர் தலையில்தான். ஒன்று மட்டும் அவருக்கு வாய்த்தது. தன் புத்தகத்தை வாங்குகிறவர் யார், எந்த ஊர்க்காரர் என்று அவருக்குத் தெரியும். பின்னால் வந்த தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

பாரதியின் கதை வேறு மாதிரி. 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் போடப் போவதாகவும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சடிக்கப் போவதாகவும், அதற்குக் கடன் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். நாலு லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை சாதாரணமாக விற்றுத் தீரும் என்று நம்பினார். பணம் திரளவில்லை, மறு வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். கிறுக்குத்தனமான திட்டம் என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ அது தமிழில் எழுதப்பட்ட மிகத் துணிச்சலான வியாபாரக் கடிதமாகத்தான் படுகிறது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவருடைய பதிப்புரிமையை வாங்கி, பின்னர் பொதுமக்களுக்கு விட்டது. அதன் பிறகு பாரதி விற்ற கணக்கை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. மண்ணெண்ணெய் உவமை பொய்க்கவில்லை, எழுதியவர் கைக்குத்தான் எதுவும் வரவில்லை.

முதல் போட்டு, தாள் வாங்கி, அச்சடித்து, கோடவுனில் அடுக்கி, விற்று, எழுத்தாளருக்குப் பங்கு தரும் பதிப்பாளர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கே ஆளாகிறார். சக்தி காரியாலயம் வை. கோவிந்தன், பழனியப்பா பிரதர்ஸ், பாரி நிலையம், வானதி திருநாவுக்கரசு என்று நீளும் வரிசை அது. நகரத்தார் ஊர்களிலிருந்து வந்த முதலும் கணக்குப் பழக்கமும் அதன் பின்னால் இருந்தன. பத்திரிகைத் தொடர்கதை அவர்களுக்குப் பெரிய துணை. கதை வாரா வாரம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்வந்த பிறகுதான் புத்தகமாகும். வாசகரைத் தேடும் வேலையைப் பத்திரிகையே முடித்துக் கொடுத்துவிடும். எழுத்தாளருக்கும் சன்மானம் முதலில் அங்கிருந்துதான். புத்தக ராயல்டி மேல் வரும்படி.

அந்தக் காலத்திலும் எல்லாரும் பதிப்பாளர் மடியில் போய் உட்கார்ந்துவிடவில்லை. மு.வ. புத்தகங்களின் பழைய பதிப்பு வீட்டில் இருந்தால் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ‘தாயக வெளியீடு’ என்றும், ‘விற்பனை உரிமை: பாரி நிலையம்’ என்றும் தனித்தனியாக இருக்கும். அதாவது வெளியீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விற்பதை மட்டும் கடைக்குக் கொடுக்கும் ஏற்பாடு. கல்லூரி ஆசிரியர், நிதானமான மனிதர். உரிமையையும் விற்பனையையும் இரண்டு பெட்டியில் வைத்திருக்கிறார். இன்றைக்குப் புதிய யோசனை என்று பேசப்படும் பல ஏற்பாடுகள் அந்த இரண்டு வரிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

இன்னொரு முனையில் சி.சு. செல்லப்பா. ‘எழுத்து’ பத்திரிகையை 1959-இல் தொடங்கியவர், எழுத்து பிரசுரம் என்று புத்தகங்களும் போட்டார். விற்க ஆள் கிடையாது. கட்டைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில் சுதந்திர தாகம் நாவலையும் சொந்தமாகத்தான் வெளியிட்டார். அவர் இறந்து சில வருஷம் கழித்து 2001-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. தன் புத்தகம் எத்தனை போயிற்று என்று செல்லப்பாவுக்குத் தோள்வலியை வைத்தே சொல்ல முடிந்திருக்கும்.

இனி நூலக ஆணைக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் தமிழ்ப் பதிப்பகங்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகி, அதிலிருந்து ஊர் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கப்பட்டது. பதிப்பாளரைப் பொறுத்தவரை இது ஒரே மூச்சில் பல நூறு பிரதி எடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர். ஆணை கிடைத்தால் அச்சுச் செலவு கைக்கு வந்துவிடும். மீதியை ஆற அமர விற்கலாம். ஒரு தலைமுறைக் காலம் ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு என்று முதல் பதிப்பு நின்றதற்கு இந்த ஆணைதான் முக்கியமான காரணம். வாசகர் கூட்டம் அந்த அளவு இருந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நூலகம் தரும் விலை பாரக் கணக்கில் வந்தது. ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம்; பாரத்துக்கு இவ்வளவு என்று நூலகத் துறை நிர்ணயித்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டால் பாரம் கூடும் என்று தொழிலில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பழைய புத்தகங்களில் ‘நூல் விவரம்’ என்று ஒரு பக்கம் பார்த்திருப்பீர்கள்: தாள் இன்ன வகை, அளவு டெம்மி, எழுத்து இத்தனை புள்ளி. சிலவற்றில் ‘பிரதிகள்: 1200’ என்றும் ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரி மேல் தனிப் பிரியம். எழுத்தாளருக்குக் கணக்குச் சொல்லாத பதிப்பாளர்கூட அச்சடித்த தொகையை ஊரறியப் போட்டு வைத்திருக்கிறார். இன்றைய புத்தகங்களில் அந்த வரியைக் காணோம்.

நூலகத்தை நம்பிய உறவில் ஒரு விசித்திரம் இருந்தது. பணம் அரசிடமிருந்து வருவதால் பதிப்பாளருக்கு வாசகரைத் தேட வேண்டிய அவசரமில்லை. ஆணை எப்போது வரும், பில் எப்போது பாஸாகும் என்பதுதான் கவலை. எழுத்தாளரின் ராயல்டியும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. சில வருஷங்களில் கொள்முதல் தாமதமானது, சில வருஷங்களில் நடக்கவே இல்லை. நூலகத்தை மட்டும் நம்பியவர்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்.

இதற்கு மாற்று வழி தேடியவர்களும் உண்டு. 1960களில் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம், உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிப் புத்தகம் அனுப்பியது, கையொப்பத்தின் மறுபிறவிதான். தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் அப்படித்தான் வெளிவந்தது. 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாக வேலை பார்த்தார். பதிப்பாளர் என்றால் எடிட்டரும்தான் என்று தமிழில் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். அவருக்கு இணையாகச் சொல்ல இன்றும் ஒரு கை விரல்கள் போதும். ராயல்டி பற்றி இவ்வளவு சண்டை போடும் நாம், என் புத்தகத்தை ஏன் யாரும் எடிட் செய்யவில்லை என்று ஒருமுறையாவது சண்டை போட்டிருக்கிறோமா? நான் போட்டதில்லை. மெய்ப்பு பார்த்தவரிடம் ஒற்றுக்காக மல்லுக்கட்டியதோடு சரி.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கணக்குக் கேட்காத எழுத்தாளர்தான் பதிப்பாளருக்கு மிகவும் லாபமான எழுத்தாளர். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும், அதன் பின் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கல்கியின் பொன்னியின் செல்வன், சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனத்தில் எத்தனை அரங்குகளில், எத்தனை அட்டைகளில், எத்தனை விலைகளில் கிடைக்கிறது என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். 2022-இல் படம் வந்த சமயத்தில் அதை அடுக்கி வைக்காத அரங்கைத் தேட வேண்டியிருந்தது. மக்களுக்குக் குறைந்த விலையில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் உயிரோடு இருந்து ராயல்டி கேட்கும் ஒருவரின் நாவல் அதே மேஜையில் அதனோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காகிதத்துக்கு வருவோம். அச்சடிக்கும் தாளைச் சொல்லவில்லை, ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். தமிழில் நெடுங்காலம் வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். “நமக்குள்ள என்ன சார் பேப்பர்?” என்பது அன்பாகவும் இருக்கலாம், வசதியாகவும் இருக்கலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்துகொண்டால் எழுத்தாளருக்குத்தான் லாபம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எந்த நூல், எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். எழுதியவர் இறந்த பின்னும் அறுபது வருஷம் உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

வாய்ச்சொல்லில் நடந்த பழைய ஏற்பாடுகளில் பதிப்பாளர் கையில் இருந்தது அச்சடித்து விற்க ஒரு சம்மதம், அவ்வளவுதான். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று புத்தகத்திலேயே போட்டுவிட்டு, முப்பது வருஷம் அதே புத்தகத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உரிமை கொண்டாடியவர்களும் இருந்தார்கள். எழுத்தாளர்களும் நன்றிக் கடன் என்று நினைத்துச் சும்மா இருந்தார்கள். அந்த நன்றிக் கடன் முழுக்கப் பொய்யும் இல்லை. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கி, பிறகு எழுதிக் கழித்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். வங்கி கொடுக்காத கடனைப் பதிப்பாளர் கொடுத்தார். கணக்கு நோட்டில் ராயல்டியும் கைமாற்றும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன. அப்படிப்பட்ட நோட்டில் எத்தனை பிரதி என்று கேட்பது மரியாதைக் குறைவாகவே தோன்றியிருக்கும்.

அந்த நோட்டைக் கிழித்தது கம்ப்யூட்டர். முதலில் கம்ப்யூட்டரிலேயே பக்கம் அமைக்கும் டி.டி.பி. வந்து அச்சுக்கோப்பைத் துடைத்துப் போட்டது. பிறகு பி.ஓ.டி. என்று எல்லாரும் சொல்கிற, தேவைக்கு அச்சடிக்கும் முறை. ஆப்செட்டில் ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படி ஆகும். டிஜிட்டல் மெஷினில் ஐம்பது அடிக்கலாம், முப்பதும் அடிக்கலாம். பிரதிக்கு ஆகும் செலவு கூடுதல், ஆனால் கோடவுன் வேண்டாம், முதல் முடங்காது. 2022 வாக்கில் தாள் விலை எகிறியபோது, ஆயிரம் அடித்து அடுக்கி வைக்கும் துணிச்சல் பெரிய பதிப்பகங்களுக்கே குறைந்தது.

பதிப்பாளர் என்பவர் யார் என்ற கேள்விக்கு இதுவரை ஒரே பதில்தான் இருந்தது: நஷ்டம் வந்தால் தாங்குகிறவர். ஐம்பது பிரதி அடிப்பவருக்குத் தாங்க என்ன நஷ்டம் இருக்கிறது? அவர் தருவது ஒரு பெயர், ஐ.எஸ்.பி.என். என்கிற ஓர் அடையாள எண், புத்தகக் காட்சியில் மேஜையில் ஓர் இடம். அந்த மூன்றுக்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல ஆயிரம் ரூபாயை எழுத்தாளரிடமே வாங்கிக்கொண்டு, “நூறு காப்பி நீங்க எடுத்துக்கணும், வெளியீட்டு விழா உங்க செலவு” என்று சொல்பவரையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். முதல் போடுவது எழுத்தாளர், விற்பது எழுத்தாளரின் ஃபேஸ்புக் பக்கம், வாங்குவது எழுத்தாளரின் அலுவலக நண்பர்கள். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்து போய் எழுதும் பலருக்கு இது பழக்கமான கதை. ஐரோப்பாவிலிருந்து பணம் அனுப்பிச் சென்னையில் புத்தகம் போட்டவர்கள் பி.ஓ.டி.க்கு முன்பிருந்தே இருக்கிறார்கள்.

பி.ஓ.டி. வந்தபின் எண்ணுக்கு நடந்ததுதான் வேடிக்கை. ‘பதிப்பு’ என்ற சொல்லுக்கு ஓர் அளவு இருந்தது. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது என்றால் ஆயிரம் போய்விட்டது என்று பொருள். இப்போது டிசம்பர் 28-இல் முதல் பதிப்பு, ஜனவரி 6-இல் இரண்டாம் பதிப்பு, 14-இல் மூன்றாம் பதிப்பு என்று போஸ்டர் வருகிறது. வாழ்த்துகள் குவிகின்றன. ஒவ்வொரு பதிப்பும் நாற்பதா நானூறா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் பொறாமை என்பார்கள். எத்தனை அடித்தோம் என்று அச்சகத்துக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே தெரியும். ஆப்செட் காலத்தில் எழுத்தாளர் கோடவுனுக்குப் போய்க் கட்டுகளை எண்ணவாவது முடியும். இப்போது எண்ணுவதற்குக் கட்டே இல்லை. தொழில்நுட்பத்தைப் பார்த்தால் கணக்குக் காட்டுவது முன்னைவிட எளிது. பில்லிங் சாஃப்ட்வேர், ஜி.எஸ்.டி. ரசீது, ஆன்லைன் விற்பனை என்று எல்லாம் பதிவாகத்தான் கிடக்கிறது. மனசுதான் வர வேண்டும். கணக்கை ஒழுங்காக, வருஷத்துக்கு ஒருமுறை, அச்சடித்த தாளில் அனுப்பும் பதிப்பகங்களும் தமிழில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ராயல்டி குறைவாக வந்தாலும் எழுத்தாளர்கள் நகர்வதில்லை.

இந்த நேரத்தில்தான் அமேசானின் மின்நூல் தளமான கிண்டில் வந்தது. 2016-இன் இறுதியில் அமேசான் தமிழுக்கும் கதவைத் திறந்தது. வேர்டு ஃபைலை ஏற்றி, அட்டைப்படம் போட்டு, விலை வைத்தால் ஓரிரு நாளில் புத்தகம் விற்பனைக்கு வந்துவிடும். ராயல்டி 35 சதவீதம். தொண்ணூறு நாளுக்கு மின்நூலை வேறு எங்கும் விற்க மாட்டேன் என்று செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 70 வரை. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் ‘அன்லிமிடெட்’ வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்குப் பைசாக் கணக்கில் தனி. ‘பென் டு பப்ளிஷ்’ என்று போட்டி வேறு நடத்தினார்கள். சில மாதங்களுக்கு எல்லாரும் எல்லாரிடமும் ரிவ்யூ கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

காசு பெரிதாக வந்ததா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எழுத்தாளருக்கு அமேசான் தரும் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வரைபடம் தெரியும். நேற்று இரண்டு விற்றது, 212 பக்கம் படிக்கப்பட்டது. இன்று பூஜ்யம். மறுநாள் 38 பக்கம்; யாரோ ஒருவர் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நானாக ஊகித்துக்கொள்வேன். அவமானமாக இருக்கும். ஆனாலும் காலையில் காபிக்கு முன் அதைத்தான் பார்ப்பேன். வெள்ளைக் கவரை வகுத்துப் பார்த்தவனுக்கு, கேட்காமலே ஓர் எண் வந்து நிற்பது சாதாரணமா? பல எழுத்தாளர்கள் பதிப்பாளரிடம் தைரியமாகக் கணக்குக் கேட்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. ஒரு மெஷின் தினமும் சொல்லும்போது மனிதர் வருஷத்துக்கு ஒருமுறை சொல்ல முடியாதா என்ற எரிச்சல்.

அதே சமயம் அந்த எண் நம்முடையது இல்லை. யார் வாங்கினார் என்று அமேசான் சொல்லாது. பக்கத்துக்கு எவ்வளவு என்பதை அதுவே வைக்கும், அதுவே மாற்றும். பேரம் பேச ஃபோன் நம்பர் கிடையாது. “என்ன சார் இப்படிப் பண்றீங்க” என்று கோபித்துக்கொள்ள ஒரு ஆளும் கிடையாது. ஃபோனை எடுக்காத பதிப்பாளரைத் திட்டவாவது நமக்கு ஒரு டீக்கடை இருந்தது. போதாக்குறைக்கு, மின்நூல் போட்ட ஒரு வாரத்தில் பி.டி.எஃப். டெலிகிராமில் சுற்றத் தொடங்கிவிடும்.

அடுத்த கட்டமாகத் தங்களுக்கென்று வாசகர் கூட்டம் வைத்திருக்கிறவர்கள் சொந்தமாகவே பதிப்பகம் ஆரம்பித்தார்கள். இதிலும் முன்னோடிகள் உண்டு. வைரமுத்துவின் நூல்கள் வெகுகாலமாக அவருடைய சூர்யா லிட்ரேச்சர் வழியாகத்தான் வருகின்றன. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் (க்ரியா ராமகிருஷ்ணன் வேறு) தேசாந்திரி பதிப்பகம் தொடங்கினார். ஜெயமோகனின் நூல்கள் இப்போது விஷ்ணுபுரம் பதிப்பகத்திலிருந்து வருகின்றன. இணையத்தில் அன்றாடம் படிக்கும் வாசகரை நேராகப் புத்தகத்துக்கு அழைத்துவர முடிகிறபோது நடுவில் ஒருவர் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். எண்ணும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. கூடவே பார்சல் கட்டுவது, கூரியர்காரருடன் சண்டை, நனைந்துபோன பெட்டி, அரங்கு வாடகை, கேஷ் கவுண்டருக்கு ஆள், இத்தனையும் அவர்கள் தலையில். இவர்களால் முடிகிறது என்பதால் எல்லாராலும் முடியும் என்று நினைப்பது ஆபத்து. முன்னூறு பேர் படிக்கும் கவிஞருக்கு ஒரு பதிப்பாளர் இன்றும் வேண்டும். அவருக்குத்தான் அதிகம் வேண்டும்.

சிறிய அளவில் கையொப்பமும் திரும்பிவிட்டது. ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று இப்போது பெயர். கூகுள் ஃபார்மில் பெயர், முகவரி, ஜிபே ஸ்க்ரீன்ஷாட். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், பணம் கட்டியவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து நாவலின் கடைசியில் அச்சடித்திருந்தார். சாமிநாதையர் காலத்து வழக்கம் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஒரு அமெரிக்க வீடியோ கேம் கம்பெனி இப்படிச் செய்ததைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார்.

மரபான பதிப்பாளருக்கு வேலை குறைந்துவிட்டதா என்றால், ஓரிடத்தில் கூடியிருக்கிறது. மொழிபெயர்ப்பு உரிமை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. 2015 ஜனவரியில் எதிர்ப்பு முற்றியபோது அவர் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே அறிவிப்பில் பதிப்பாளர்கள் தன் நூல்களை விற்க வேண்டாம், அவர்களுக்கு இழப்பீடு தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அந்த நிலையிலும் கணக்குத் தீர்க்க நினைத்த மனிதர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய நூல்கள் இன்று பல மொழிகளில் கிடைக்கின்றன. வழக்கு, வெளிநாட்டு ஒப்பந்தம், உரிமை விற்பனை இதெல்லாம் தனி எழுத்தாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலை இல்லை. அதுவும் இலக்கிய முகவர் என்ற தொழிலே வேரூன்றாத மொழியில்.

2023 ஜனவரியில் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி தொடங்கியபோது இந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. அங்கே புத்தகம் விற்பதில்லை, உரிமை பேசுகிறார்கள். தமிழக அரசு மொழிபெயர்ப்புக்கு மானியம் தருகிறது. வேற்று நாட்டுப் பதிப்பாளர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, உரிமை யார் கையில் இருக்கிறது என்பது. “நமக்குள்ள என்ன சார் பேப்பர்” என்று அவரிடம் சொல்ல முடியாது. நாற்பது வருஷ வாய்ச்சொல்லைத் தாளில் எழுத வேண்டிய கட்டாயம் கடைசியில் வெளியூர்க்காரர்களால் வந்து சேர்ந்திருக்கிறது.

போன டிசம்பரில் ஒரு நண்பர் தன் இரண்டாவது சிறுகதைத் தொகுப்புக்கான ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். மூன்று பக்கம், கம்ப்யூட்டரில் அடித்தது. ராயல்டி பத்து சதவீதம், காலம் ஐந்து வருஷம், மின்நூல் உரிமை ஆசிரியருக்கே, ஒலிநூல் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் நண்பர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் அச்சக ரசீதின் நகலைப் பதினைந்து நாளுக்குள் ஆசிரியருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும்.’ பதிப்பாளர் ‘பதினைந்து’ என்பதை அடித்துவிட்டு ‘முப்பது’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.